பழைய கோலோக் கத்திக்குப் புதுப் பிடி: மரம் தேடுவதிலிருந்து எண்ணெய் பூசுவது வரை

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்தக் கத்தி எனக்குக் கிடைத்தது. தார்ப்பாயில் பழைய பூட்டுகள், நின்றுபோன கைக்கடிகாரங்கள், பித்தளைக் குழாய்த் தலைகள். அவற்றுக்கு நடுவே முழங்கை நீளத்துக்குக் கோலோக் என்கிற வெட்டுக்கத்தி ஒன்று கிடந்தது. பிடியின் ஒரு பக்கம் மரமே இல்லை. மறுபக்கம் நீளவாக்கில் பிளந்திருந்தது. யாரோ அதைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார்கள். அலகின் அடியில் துருவுக்குக் கீழே ஒரு முதலையின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

வீட்டில் பெரியப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தோட்டத்தில் பல வருடம் லாலாங் புல் வெட்டிய கை அது. "கத்தி நல்லாத்தான் இருக்கு தம்பி, புடிதான் போச்சு" என்றார். அதன் பிறகு நான்கு கத்திகளுக்குப் பிடி மாற்றிவிட்டேன். இரண்டு கத்திகளின் பழைய பிடியையே மீட்டு எடுத்தேன். முதல் முயற்சி கெட்டுப்போனது. எப்படிக் கெட்டது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊர் ஈரத்தில் அதே தவறு உங்களுக்கும் நடக்க வாய்ப்பு அதிகம்.

நான் சொல்வது, அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை நீண்டு, அதன் இரு பக்கமும் மரம் வைத்து ரிவெட் அடித்த கத்திகளுக்கானது. பிடிக்குள் போகும் இரும்பை வால் என்றும், இரு பக்க மரத்துண்டுகளைப் பிடிப்பலகை என்றும் எழுதுகிறேன். பாராங் என்கிற மலாய்க் கிராமத்து வெட்டுக்கத்தியில் பெரும்பாலும் வால் கூராக இருக்கும், முழு மரத்தில் துளை போட்டுச் செருகியிருப்பார்கள். அது வேறு வேலை.

கையில் இருப்பது என்ன கத்தி

எந்த வேலைக்கும் முன்னால் முத்திரையைத் தேடுங்கள். முதலை முத்திரை என்றால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து மார்ட்டின்டேல் கம்பெனி செய்தது. 'கோலோக்' என்ற பெயரும் வடிவமும் மலாய்க்காரர்களுடையவை. அதைப் பார்த்து பர்மிங்ஹாமில் செய்த கத்தி, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த போர்க்காலம்) மலாயாக் காடுகளில் திரிந்த பிரிட்டிஷ் படையினரின் இடுப்பில் தொங்கியது. படைக்கு வழங்கிய பொருள் என்றால் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறி ஒன்றைக் குத்தியிருப்பார்கள். அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டபடி இருந்தால், படையிலிருந்து கழித்து விற்றுவிட்டார்கள் என்று பொருள். பக்கத்தில் ஆண்டும் இருந்தால் அதிர்ஷ்டம். அம்பு எதுவும் இல்லாமல் முதலை மட்டும் இருப்பதும் உண்டு. மார்ட்டின்டேல் தோட்டங்களுக்கும் கத்தி செய்து விற்றது. எனக்கு இரண்டும் ஒரே மதிப்புதான். அம்பு உள்ளது படையின் கதை, அம்பு இல்லாதது ஒருவேளை நம் பாட்டன்மார் கதை.

இதனால்தான் கத்தி கிடைத்த அன்றே கிரைண்டரைத் தூக்க வேண்டாம் என்கிறேன். பளபளவென்று தீட்டிய கத்தியில் முத்திரை பாதி தேய்ந்துவிடும், போனது திரும்பி வராது. துருவை மட்டும் எடுங்கள். மிஷின் எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் மெதுவாகத் தேய்த்தால் செந்துரு போகும், கறுத்த மேல்தோல் நிற்கும். அந்தக் கறுப்பு வயதின் நிறம். அதை விட்டுவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா

பிடிப்பலகை இரண்டும் இருக்கின்றன, ஆடுகின்றன அல்லது அழுக்கேறிக் கிடக்கின்றன என்றால் மாற்றாதீர்கள். சேகரிப்பாளர்கள் மதிப்பது அந்த மரத்தைத்தான். சின்னக் கீறல் பிளவுக்கு நீர்போல ஓடும் சூப்பர் பசையை ஒரு துளி விட்டால், அதுவே உள்ளே இழுத்துக்கொண்டு பிடித்துக்கொள்ளும். உடைந்து போன மூலைக்கு, அதே பிடியின் மறைவான இடத்திலிருந்து சுரண்டிய மரத்தூளை எபாக்சிப் பசையில் குழைத்து அடைக்கலாம். அடி வாங்கிப் பள்ளமான இடத்தில் ஈரத்துணி வைத்து, அதன் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையைச் சில விநாடி வையுங்கள். நசுங்கிய நார் ஆவியில் உப்பி மேலே வரும். இதை முதல்முறை செய்தபோது நம்பவே முடியவில்லை, அப்படிச் சமமாகிவிட்டது. வெட்டுப்பட்டு நார் அறுந்த இடம் மட்டும் எழாது.

வியர்வையும் புகையும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புப் பிசினாக ஒட்டியிருந்தால், டர்பன்டைனில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம். கைபட்டு வழவழப்பான அந்த மேற்பரப்பு உண்டாக முப்பது வருடம் பிடித்திருக்கும், 120 எண் தாள் அதை ஒரே நிமிடத்தில் எடுத்துவிடும்.

ஒரு பக்கம் காணாமல் போயிருந்தாலோ, மரம் உளுத்துப் பொடியாகி விரல் நகம் இறங்கினாலோ, ரிவெட் துளையிலிருந்து முனைவரை பிளந்திருந்தாலோ புதுப் பிடிதான். அப்போதும் மிஞ்சிய பழைய துண்டை எறியாதீர்கள். அதுதான் உங்கள் அளவுக்கோல்.

பழைய பிடியே கிடைக்குமா

தேடிப் பார்க்கலாம். அலகு உடைந்த அதே வகைக் கத்தி மலிவாகக் கிடைக்கும், அதிலிருந்து பிடியைக் கழற்றிக்கொள்ளலாம். லோரோங் கூலிட்டில் காலையில் சீக்கிரம் போனால், குவியலின் அடியில் இருக்கும் உடைந்தவற்றைப் பார்க்க முடியும். வியாபாரி ஒருவரிடம் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து போய், "அண்ணே, ஒடஞ்சதா இருந்தாலும் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்ததில்தான் எனக்கு ஒரு ஜோடி கிடைத்தது. வெளிநாட்டில் விற்பவர்களிடம் வாங்கினால் மரத்துண்டை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அலகோடு வரும் பொட்டலத்துக்குச் சுங்கத்தில் கேள்வி வரும்.

வாங்குவதற்கு முன் அளவு. வாலின் மேல் வெள்ளைத்தாள் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். விளிம்பும் துளைகளும் அப்படியே பதியும். துளை நடுப்புள்ளியிலிருந்து அடுத்த நடுப்புள்ளி வரை எவ்வளவு, துளையின் குறுக்களவு எவ்வளவு, வாலின் தடிமன் எவ்வளவு என்று வெர்னியரால் அளந்து அந்தத் தாளிலேயே எழுதுங்கள். படத்தைப் பார்த்து "ஒரே மாதிரிதான் இருக்கு" என்று வாங்க வேண்டாம். கையால் ரிவெட் அடித்த காலத்துக் கத்திகளில் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்துக் கத்திகள் அங்குலக் கணக்கு. கால் அங்குலத் துளை 6.35 மில்லிமீட்டர். நம் ஹார்ட்வேர் கடையில் தவுக்கே, அதாவது கடைக்காரர், சட்டென்று எடுத்துக் கொடுப்பது 6 மில்லிமீட்டர் கம்பி. அது துளைக்குள் ஆடும். கால் அங்குலப் பித்தளைக் கம்பி என்று குறிப்பாகக் கேளுங்கள். 3/16 அங்குலத் துளைக்கு 4.76 மில்லிமீட்டர் வேண்டும், அதற்கு 5 மில்லிமீட்டர் கம்பி நுழையாது. நுழையவில்லையே என்று வாலின் துளையைப் பெரிதாக்கும் எண்ணம் வரும். வேண்டாம். கம்பியைத்தான் அரத்தால் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். மரத்தை மாற்றலாம், ரிவெட்டை மாற்றலாம். பழைய இரும்பில் போடும் ஓட்டை நிரந்தரம்.

மரம்

இதைப் பற்றிப் பேச எனக்கு அலுப்பே வராது.

முதல் கத்திக்கு நான் எடுத்தது மாமரம். உறவினர் வீட்டில் வெட்டிய மரத்தின் கிளை. அழகான ரேகை, பழுப்பும் மஞ்சளும் கலந்து கோடு கோடாக ஓடியது. வெட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது, தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பிடி செய்து குளிர்சாதன அறையில் தொங்கவிட்டேன். இரண்டு மாதத்தில் மரம் சுருங்கி, வாலின் இரும்பு விளிம்பு இரு பக்கமும் துருத்திக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் வெட்டியது. பிடிக்கும் வாலுக்கும் இடையே ஒரு ரூபாய்நோட்டு நுழையும் அளவு இடைவெளி. மாமரத்தைக் குறை சொல்ல முடியாது, பச்சை மரத்தை வைத்தது நான்.

காய்ந்துவிட்டதா என்று அறிய மீட்டர் தேவையில்லை. மரத்தைப் பன்னிரண்டு முதல் பதினைந்து மில்லிமீட்டர் தடிமனுக்கு அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயின்டோ தடவுங்கள், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போய் மரம் வெடிக்கும். இடையில் குச்சி வைத்து அடுக்கி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, மரத்தின் மேலேயே எடையை எழுதுங்கள். முதலில் வேகமாகக் குறையும், அப்புறம் மெதுவாகும். நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் அந்த மரம் வீட்டுக் காற்றோடு சமரசமாகிவிட்டது. அதுவரை பொறுங்கள். கத்தியைக் குளிர்சாதன அறையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் கடைசி ஒரு மாதம் மரமும் அதே அறையில் கிடக்கட்டும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நல்ல வழி, ஏற்கெனவே காய்ந்த பழைய மரம். பழைய வீட்டைப் புதுப்பிக்கும் இடங்களில் சன்னல் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி, கதவு நிலை எல்லாம் குப்பைக்குப் போகும். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமல் எடுக்கக் கூடாது, ஜார்ஜ் டவுனின் பாரம்பரியப் பகுதியில் அந்தச் சட்டத்தை மறுபடியும் பொருத்துவதற்காகக்கூடக் கழற்றி வைத்திருப்பார்கள். சாமான் செய்யும் பட்டறைகளில் ஒரு முழ நீளத் துண்டுகள் விறகுக்குத்தான் போகின்றன. பிடிக்குத் தேவை ஒரு சாண் மரம்.

செங்கால் கிடைத்தால் விடாதீர்கள். திரங்கானுவில் மீன்பிடிப் படகு கட்டிய மரம் அது. கனம், கறையானுக்கும் ஈரத்துக்கும் அசையாது, நாள்பட நாள்பட பொன்பழுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும். அறுப்பது மட்டும் கஷ்டம், ரம்பம் சீக்கிரம் மழுங்கும். மெர்பாவ் அழகு, ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. அதன் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். ஈரக்கையோடு இரும்புத்தூள் பட்ட மெர்பாவில் மை கொட்டின மாதிரிக் கறை வரும். மெர்பாவ் வைத்தால் ரிவெட் பித்தளையாக இருக்கட்டும், உள்பக்கம் முழுவதும் எபாக்சி மூடியிருக்கட்டும், இரும்பு அரத்தால் தேய்த்த தூளை உடனே ஊதிவிடுங்கள். கறை வந்துவிட்டால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது நஞ்சு, கையுறை போட்டுக்கொண்டு செய்து, பிறகு நன்றாகக் கழுவுங்கள்.

பலா எனக்கு மிகவும் பிடித்த மரம். தஞ்சாவூர் வீணை செய்யும் மரம். அறுத்தவுடன் மஞ்சள் பொடி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டுப்பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். அதிகக் கனமில்லை, கையில் இதமாக உட்காரும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு பலா இருப்பதால் கிடைப்பதும் எளிது. கெமுனிங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரம் அவர்களுடைய கெரிஸ் குத்துவாளின் பிடிக்குப் பேர்போனது. வெள்ளைப்பூ மணக்கும் அதே செடியை நாம் வேலியாக வளர்க்கிறோம். முதிர்ந்த அடிமரம் கிடைத்தால் ரேகை மிக நெருக்கமாக, யானைத்தந்தம்போல மெருகு ஏறும். புளியமரத்தின் கறுத்த வைரப்பகுதியும் அருமை. தேக்கில் எண்ணெய் அதிகம், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. ரப்பர் மரத்தைத் தோட்ட நினைவுக்காக வைக்க ஆசை வரும், எனக்கும் வந்தது. மருந்தேற்றாத ரப்பர் மரத்தை வண்டு துளைக்கும், நீலப் பூஞ்சை பிடிக்கும். மேசை நாற்காலி செய்யும் பட்டறையிலிருந்து, மருந்தேற்றிக் காயவைத்த துண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஈட்டி மரத்தை இந்தியாவிலிருந்து கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். ஈட்டி சேர்ந்த டல்பெர்ஜியா மரப் பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இங்கேயே கிடைக்கும் மரம் போதும்.

பழையதைக் கழற்றுதல்

அலகை முதலில் மூடுங்கள். பழைய தீயணைப்புக் குழாயின் ரப்பரை நீளவாக்கில் கீறி அலகில் செருகி, மேலே டேப் சுற்றுங்கள். மழுங்கிய கத்தி என்று அலட்சியமாக விட்டால், ஒரு நாள் அதுதான் வெட்டும்.

ரிவெட்டின் தலை நடுவில் ஆணியால் குறி குத்தி, தண்டைவிடச் சற்றே பெரிய டிரில்லால் தலையை மட்டும் எடுங்கள். வால்வரை இறங்கக் கூடாது. பிறகு, துளையிட்ட மரக்கட்டை மேல் பிடியை வைத்து மெல்லிய இரும்புக் கம்பியால் தட்டினால் ரிவெட் மறுபக்கம் விழும். வராவிட்டால் ஓங்கி அடிக்காதீர்கள், வால் வளையும். துருவில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வையுங்கள். பிடி மரமாக இல்லாமல் கறுப்பு பேக்கலைட் மாதிரி இருந்தால் அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும்.

வாலில் இருக்கும் துருவை 120 எண் உப்புத்தாளால் எடுத்துவிடலாம். இந்தப் பகுதி மரத்துக்குள் மறைந்துவிடும் என்பதால் கறுப்பு மேல்தோலைக் காப்பாற்ற வேண்டியதில்லை, சொரசொரப்பாக இருந்தால் பசையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வாலில் எண் ஏதாவது குத்தியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றித் தேய்க்காமல் விடுங்கள்.

பொருத்துதல்

ஒரே கட்டையை நடுவில் அறுத்து, புத்தகம் விரிப்பதுபோல இரு பக்கமும் வைத்தால் ரேகை கண்ணாடிப் பிம்பமாக ஒத்துப்போகும். நார் பிடியின் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். உள்பக்கம் தட்டையாக இருப்பது மிக முக்கியம். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் மரத்தை எட்டுப்போடும் விதமாகத் தேயுங்கள். வாலில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடு தெரியக் கூடாது.

முதல் பலகையை வாலோடு கிளாம்ப் போட்டு, வாலின் துளை வழியாகவே மரத்தில் துளை போடுங்கள். வாலே உங்களுக்கு வழிகாட்டி, தனியாகக் குறி வேண்டாம். ஒரு துளை போட்டதும் அதில் கம்பியைச் செருகிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், அப்போது எதுவும் நகராது. அப்புறம் கம்பியை எடுத்து, இரண்டாம் பலகையை மறுபக்கம் வைத்துக் கிளாம்ப் போட்டு, முதல் பலகையின் துளை வழியாக இதையும் துளையுங்கள். மரத்துக்கு அடியில் எப்போதும் ஒரு பழைய பலகை இருக்க வேண்டும், இல்லையென்றால் டிரில் வெளியேறும் பக்கம் சிதறும்.

இப்போது பலர் மறக்கும் ஒரு வேலை. பிடிப்பலகையின் முன்முனை, அதாவது அலகைப் பார்த்திருக்கும் முனை. ஒட்டிய பிறகு அங்கே அரம் போட்டால் அலகில் கீறல் விழும், சிலசமயம் முத்திரை மேலேயே விழும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பலகைகளையும் பசையில்லாமல் கம்பியில் கோத்து ஒன்றாகப் பிடித்து, முன்முனையை மட்டும் 400 எண் தாள்வரை முழுமையாக முடித்துவிடுங்கள். எண்ணெய்கூட அந்த முனைக்கு முன்னரே பூசலாம், உள்பக்கம் படாமல்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் இரண்டு குழாய் எபாக்சி. ஐந்து நிமிடப் பசை ஈரத்தில் அவ்வளவு நிற்காது. மெதுவான பசைக்கும் அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள், நம் ஊர் முப்பது டிகிரி வெயிலில் அது சீக்கிரம் இறுக ஆரம்பிக்கும். காலையில் செய்யுங்கள். மரத்தின் உள்பக்கத்தில் விளிம்பை விட்டு நடுவில் சில கீறல் போட்டால் பசை அங்கே தங்கும். கிளாம்பை இறுக்கு இறுக்கு என்று இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து, உள்ளே வெறும் மரமும் இரும்பும்தான் இருக்கும். கசிந்த பசையை, முன்முனையில் மட்டுமாவது, அசிட்டோன் நனைத்த துணியால் உடனே துடையுங்கள்.

ரிவெட் கம்பி, பிடியின் முழுத் தடிமனைவிட இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். உருவம் தேய்த்து முடித்த பிறகு தட்டுவதாக இருந்தால் அந்தத் தடிமனுக்கு வெட்டுங்கள். பித்தளைக் கம்பியை அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காட்டி ஆறவிட்டால் மிருதுவாகும், தட்டும்போது வெடிக்காது. துளை வாயில் கொஞ்சம் சரிவு கொடுத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். நூறு சின்னத் தட்டு. நான்கு பலமான அடி அடித்தால் செங்கால்கூடப் பிளக்கும். இருபத்துநான்கு மணி நேரம் தொடாதீர்கள்.

உருவம்

முழு நாள் இதற்கு ஒதுக்குங்கள். பழைய பிடியின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி அவ்வப்போது வைத்துப் பாருங்கள். அரைவட்ட அரத்தால் தொடங்கி, 80, 120, 180, 240, 320 என்று தாளில் ஏறுங்கள். குறுக்குவெட்டு வட்டமாக இருக்கக் கூடாது, முட்டை வடிவமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் அலகு எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். முன்பக்கம் சற்று ஒடுங்கி, நடுவில் உப்பி, கடைசியில் விரல் நழுவாமல் அகன்று முடிய வேண்டும். பிடித்தால் விரல் நுனிகள் கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டும் தொடாமல் நிற்கும் அளவு சரி. பெரியப்பா பாதி வேலையில் வாங்கிப் பிடித்துப் பார்த்து, "சுண்டுவிரல்கிட்ட இன்னும் கொஞ்சம் எடு" என்றார். அவர் சொன்ன இரண்டு மில்லிமீட்டர்தான் அந்தப் பிடியைக் கைக்கு ஏற்றதாக்கியது. கத்தி பிடித்துப் பழகிய கையிடம் கேளுங்கள்.

ரிவெட் தலையை மரத்தோடு சமமாகத் தேய்க்கும்போது பித்தளை சூடேறும். அந்தச் சூடு உள்ளே போய்ப் பசையை இளக்கிவிடும். விரலால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். முகமூடி கட்டாயம், செங்கால், மெர்பாவ் தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும்.

320க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். நார் மயிர்போல எழும். அதை 400 எண் தாளால் லேசாக எடுத்தால், பிறகு கை வியர்வை பட்டாலும் எழாது.

எண்ணெய்

நம் வீட்டில் முதலில் எடுப்பது தேங்காயெண்ணெய். தயவுசெய்து வேண்டாம். தேங்காயெண்ணெய் காற்றில் இறுகி உலராத எண்ணெய். மரத்துக்குள் ஈரமாகவே இருந்து, தூசி ஒட்டி, மழைக்காலத்தில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெயும் இந்த வேலைக்குச் சரிவராது. மரத்துக்குத் தேவை காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத் தானே தோலாக இறுகும் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். சமையலுக்கான ஆளிவிதை எண்ணெய் இறுகப் பல வாரம் ஆகும். பெயின்ட் கடையில், உலர்வதற்கான மருந்து சேர்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்ற பெயரில் வருவதைக் கேளுங்கள்.

முதல் பூச்சில் எண்ணெயும் டர்பன்டைனும் பாதிப்பாதி, அப்போதுதான் ஆழமாக இறங்கும். இருபது நிமிடம் விட்டு, மேலே நிற்பதையெல்லாம் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது. அடுத்த பூச்சுகள் கலக்காத எண்ணெய், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, மறுபடியும் துடைப்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாள், மழை விடாத நாட்களில் இரண்டு நாள். நான்கு அல்லது ஐந்து பூச்சு போதும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேன்மெழுகு ஒருமுறை.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். எண்ணெய் இறுகும்போது வெளியாகும் சூடு, சுருட்டிய துணிக்குள் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். துணியை வெளியே கம்பியில் விரித்துப் போட்டு முழுதாக விறைத்த பிறகு எறியுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூடுங்கள். அடுக்குமாடி வீட்டில் வேலை செய்பவர்கள் இதில் ஒரு நாள்கூட மறக்கக் கூடாது.

ஆயுத பூஜைக்குள் முடித்துச் சாமி முன் வைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அது வருவது செப்டம்பர், அக்டோபரில், பினாங்கில் மழை கொட்டும் மாதங்கள். எண்ணெய் உலராது. பூஜைக்கு வேண்டும் என்றால் ஜூலைக்குள் மரவேலையை முடித்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட நாட்கள் எண்ணெய் பூச மிகவும் நல்லவை.

வைக்கும் முறை

தோலுறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து அலகைத் துருவேற்றும். அலகில் மெல்லிசாக மிஷின் எண்ணெய், பிடியில் வருடத்துக்கு ஒருமுறை மெழுகு. ரிவெட் பித்தளை மங்குவது இயல்பு, தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை.

கத்தியை வெளியே எடுத்துப் போவதில் கவனமாக இருங்கள். மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தின்படி, சட்டப்பூர்வமான காரணமில்லாமல் பொது இடத்தில் இப்படிப்பட்ட கத்தியை வைத்திருப்பது குற்றம். சந்தையில் வாங்கினால் அங்கேயே தாளில் சுற்றிக் கட்டச் சொல்லி, காரின் பின்பெட்டியில் வைத்து நேராக வீட்டுக்குப் போங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் பழைய பிடியையும் பென்சில் தேய்த்த தாளையும் மட்டும் கொண்டுபோனாலே பாதி வேலை நடக்கும்.

பழைய பிடித்துண்டு, ரிவெட் தலைகள், அந்தச் சைக்கிள் டியூப் உட்பட எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கூடவே ஒரு சீட்டு: எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் பிடி மாற்றியது, என்ன மரம், அந்த மரம் யார் வீட்டுச் சன்னல். நாளைக்கு இந்தக் கத்தி யார் கைக்குப் போனாலும், எது 1950களின் இரும்பு, எது என் கைவேலை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.